ஆயிரத்து நானூற்று முப்பத்திரண்டாவது மீட்டர்

நகராட்சி அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் அவளுக்கு ‘அங்குலம்’ என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது. சாலை அகலமானாலும் சரி, சாக்கடை வாட்டமானாலும் சரி, அவள் அடித்த முளையைப் பிடுங்கி ஓர் அங்குலம் தள்ளி அடிக்க வைக்க இதுவரை ஒருவராலும் முடிந்ததில்லை. ஒருமுறை நகர்மன்றத் தலைவரின் மச்சான் கட்டிய சுற்றுச்சுவர் ஒன்பது அங்குலம் சாலைக்குள் வந்திருந்தது. தலைவரே இறங்கி வந்து சிரித்துப் பேசிப் பார்த்தார். காபி வரவழைத்துக் கொடுத்தார். அவள் காபியைக் குடித்து முடித்து, டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, சுவரை இடிக்கக் குறிப்பு எழுதினாள். அன்றிலிருந்து முகத்துக்கு நேரே ‘மேடம்’, முதுகுக்குப் பின்னால் ‘அங்குலம்’.

அவளுடைய கணவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை முற்பகலில், பிரதான சாலையைக் கடக்கும்போது சரக்கு வேன் ஒன்று அடித்து இறந்துபோனான். தகவல் வந்தபோது அவள் ஒரு மழைநீர் வடிகாலின் வரைபடத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுக்கொண்டிருந்த கோட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அதைப் பார்த்தவர்கள் பிறகு பலரிடம் சொன்னார்கள். அவளுக்கும் அது ஞாபகம் இருந்தது. கோடு பாதியில் நின்றால் மை தேங்கிப் பொட்டு விழுந்துவிடும். அப்போது அவளுக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

அவள் அழவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. உறவுக்காரர்கள் இதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள். பெரியம்மா ஒருத்தி இரண்டு நாள் தங்கி, கண்ணீர் வருவதற்கு ஏதுவாக என்னென்னவோ பேசிப் பார்த்தாள். சாகும்போது கண்டிப்பாக உன் பேரைத்தான் கூப்பிட்டிருப்பான் என்று அழுத்தம் திருத்தமாகச் சொன்னாள். அங்குலம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல் பிடுங்குவதற்கு முன் ஈறில் ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லாததுபோல இருக்குமே, அப்படி உடம்பு முழுவதும் இருந்தது. மூன்றாம் வாரம் வேலைக்குத் திரும்பினாள். வேலையில் ஒரு பிழையும் வரவில்லை. பிரதான சாலை வழியாக வீட்டுக்குப் போவதை மட்டும் விட்டுவிட்டாள். அச்சகத்துக்குப் பின்னால் போகும் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். பன்னிரண்டு நிமிடம் கூடுதல்.

வீட்டில் அவளுக்குத் துணையாக நாத்தனார் வந்து தங்கியிருந்தாள். கணவனின் ஒரே தங்கை. மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. தினமும் வேலை விட்டு வந்து, முகம் கழுவி, துண்டை முகத்தில் வைத்தபடியே கொஞ்ச நேரம் அழுவாள். பிறகு அரிசி களைவாள். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருத்தி அழுதுவிடுகிறாள் என்று அங்குலத்துக்குச் சில சமயம் தோன்றும்.

இந்த நிலையில்தான் கோள்களின் வேலை வந்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்காக நகராட்சி ஒரு திட்டம் போட்டது. பிரதான சாலையின் நடைபாதையிலேயே சூரியக் குடும்பத்தை அளவு மாறாமல் நட்டுவிடுவது. ஒரு மீட்டர் என்றால் பத்து லட்சம் கிலோமீட்டர். நகராட்சி வாசலில் சூரியன்: ஆள் மார்பளவுக்கு ஒரு சிமெண்ட் உருண்டை. அங்கிருந்து ஐம்பத்தெட்டு மீட்டரில் புதன், நூற்றெட்டில் வெள்ளி, நூற்றைம்பதில் பூமி, இருநூற்றிருபத்தெட்டில் செவ்வாய். அதற்குப் பிறகு கால் வலிக்க நடந்தால் எழுநூற்றெழுபத்தெட்டில் வியாழன். கடைசியில் நெப்டியூன் நாலரை கிலோமீட்டர் தள்ளி, தண்ணீர் ஏற்றும் நிலையத்து வாசலில் போய் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் இடுப்பளவு கல் தூண். அதன் தலையில் அதே அளவுப்படி கோள். பூமிக்கு அரை அங்குல எஃகு குண்டு போதுமானதாக இருந்தது.

அளவைப் பிரிவில் அவளோடு அளவு பிடிக்க வருபவருக்குச் சங்கிலி என்று பெயர். இரும்புச் சங்கிலி போட்டு நிலம் அளந்த காலத்திலிருந்து இருக்கிறவர். சங்கிலி போய், தள்ளிக்கொண்டே அளக்கிற சக்கரம் வந்தும் பெயர் போகவில்லை. அந்த எஃகு குண்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு அவர், “நாம எல்லாரும் சேர்ந்தே அரை அங்குலம்தானா? அப்ப மேடம் தனியா அதுல ரெண்டு மடங்கு” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். அவள் குண்டை வாங்கி, அளவு சரியா என்று திருகு அளவியில் வைத்துப் பார்த்தாள்.

தூணுக்குத் தூண் சங்கிலியில் கோத்த ஒரு தகர டப்பாவும் உண்டு. பூமித் தூணில் இருப்பது ஒரு கிலோ. அதே ஒரு கிலோவைச் செவ்வாயில் தூக்கினால் எவ்வளவு கனக்குமோ, அந்தக் கனம் செவ்வாய்த் தூணின் டப்பாவில். நானூறு கிராம்கூட வராது. வியாழனில் சுமார் இரண்டரை கிலோ. பூமிக்குப் பக்கத்திலேயே முப்பத்தெட்டு சென்டிமீட்டரில் சந்திரன். அதன் டப்பாவில் ஒரு கைப்பிடி மணல்தான். எடை என்பது பொருளுக்குள் இருப்பது இல்லை, நிற்கிற இடம் இழுக்கிற இழுப்பு என்பதைப் பிள்ளைகள் கையாலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

தூண்களில் பதிக்கும் பலகைகளில் எழுத வேண்டியதைப் பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியர் ஒருவர் எழுதி அனுப்பியிருந்தார். சரிபார்க்கும் வேலையைப் பொறியாளர் அவள் தலையில் கட்டினார். பிழை கண்டுபிடிப்பதற்கு அந்தக் கட்டடத்தில் அவளைவிட்டால் ஆள் இல்லை. ‘விண்வெளியில் ஈர்ப்பு விசை கிடையாது’ என்று ஒரு வரி இருந்தது. அவள் அதை அடித்துவிட்டு, தூரம் கூடக்கூட ஈர்ப்பு குறையும், தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலில் ஒரு பங்காகும், ஆனால் எங்கேயும் முற்றாக இல்லாமல் போகாது என்று எழுதினாள்.

சங்கிலிக்கு இது ஒப்பவில்லை. அப்படியானால் மேலே போனவர்கள் தொலைக்காட்சியில் மிதக்கிறார்களே, அது என்ன என்று கேட்டார்.

“மிதக்கலைண்ணே. விழுந்துகிட்டே இருக்காங்க. கலமும் விழுது, உள்ள இருக்கற ஆளும் அதே வேகத்துல விழறாரு. எல்லாம் சேர்ந்து விழறதால விழறது தெரியறதில்ல.”

“தெரியாமயே விழுந்துகிட்டு இருக்கறதா?” என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அளவு நாடாவைத் துடைக்கப் போய்விட்டார்.

தூண் எங்கெங்கே வரப் போகிறது என்று கடைத்தெருவுக்குத் தெரிந்ததும் ரகளை தொடங்கியது. வெள்ளி, நகைக்கடை வாசலில் வந்தது. நகைக்கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்து, தூணுக்குத் தன் செலவிலேயே பளபளப்பு ஏற்றித் தருவதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் செவ்வாய்க்குத் தன் வாசலில் இடமில்லை என்று முடிதிருத்துபவர் வாதாடினார். வியாழனுக்கு அடுத்தடுத்த இரண்டு கடைக்காரர்கள் முட்டிக்கொண்டார்கள். அங்குலம் எல்லோரையும் ஒரே மாதிரி பார்த்து, பட்டியலைக் காட்டி, அளவு சொல்கிற இடத்தில் முளை அடித்துக்கொண்டே போனாள்.

சனிக்கு மட்டும் எழுத்திலேயே ஆட்சேபம் வந்தது. டயர் கடைக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். ‘ஐயா, எனது கடை வாசலில் சனியை நடுவதற்கு நான் எக்காரணம் கொண்டும் சம்மதிக்க மாட்டேன்.’ ஒரே ஒரு வரி, கீழே கையெழுத்து. அலுவலகத்தில் கடிதம் மேசைக்கு மேசை போய்வந்தது. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் சனியன் தானாக வந்து பிடிக்கிறது, இவருக்கு நாம் தூண் போட்டுக் கொடுக்கிறோம், அப்புறம் ஏன் கோபப்பட மாட்டார் என்று சிரித்தார்கள்.

அங்குலம் சிரிக்கவில்லை. பட்டியலில் சனிக்கு நேரே ஆயிரத்து நானூற்று முப்பத்திரண்டு என்று இருந்தது. அந்தச் சாலையின் ஒவ்வொரு சிறுபாலமும், ஒவ்வொரு மின்கம்பமும் எத்தனையாவது மீட்டரில் வருகிறது என்று அவளுக்கு மனப்பாடம். பட்டியல் கைக்கு வந்த முதல் நாளே, எண்ணைப் பார்த்த உடனேயே, இடம் தெரிந்துவிட்டது. டயர் கடைக்கும் எதிரே உள்ள பல் மருத்துவருக்கும் நடுவில். விபத்து பற்றிய காவல்துறை அறிக்கையில் அந்த இரண்டு பெயர்ப்பலகைகளும் எழுதப்பட்டிருந்தன.

அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. சங்கிலிக்குத் தெரிந்திருந்தது. அன்று மருத்துவமனைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு ஓடியவர் அவர்தான். வெள்ளிக்கிழமை காலை சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு கிளம்பியபோது, “அந்தத் துண்டை நான் பாத்துட்டு வந்துடறேன்மா. நீங்க ஆபீஸ்லயே இருங்க. முளை அடிக்கறதுக்கு ரெண்டு பேர் எதுக்கு?” என்றார்.

“நீங்க அளந்தா நான் மறுபடி போய் அளக்கணும்” என்றாள் அவள். அது உண்மைதான். அவர் அளப்பதை அவள் ஒருநாளும் அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை.

சக்கரம் டிக் டிக் என்று எண்ணிக்கொண்டே போயிற்று. ஆயிரத்து முன்னூறு. தபால் நிலையம். ஆயிரத்து நானூறு. செருப்பு தைப்பவரின் பெட்டி. கால்கள் நடந்தன. நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள், படபடக்கவில்லை. ஆயிரத்து நானூற்று முப்பத்திரண்டில் சக்கரத்தை நிறுத்தினாள். சாலை சாதாரணமாக இருந்தது. நடைபாதை ஓரக்கல்லை ஒட்டி, சாலையிலேயே, பழைய டயர் ஒன்று வெள்ளையடித்துப் படுக்க வைக்கப்பட்டிருந்தது. வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின.

டயர் கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், கனத்த உடம்பு, முழங்கைவரை கறுப்பு. அளவுச் சக்கரத்தைப் பார்த்ததுமே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று சங்கிலி ஓரடி முன்னால் வந்து நின்றார். அவர் சண்டை போடவில்லை. இரண்டு ஸ்டூல்களை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். சங்கிலி உட்காரவில்லை. பல் மருத்துவர் வாசலுக்குப் போய் நிழலில் நின்றுகொண்டார்.

கடிதத்தைப் பற்றி அவள் கேட்டாள். கோள் என்பது வெறும் கோள்தான், அதனால் நல்லதோ கெட்டதோ நடக்காது என்று, மற்றவர்களிடம் சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னாள்.

“அதெல்லாம் எனக்கும் தெரியும் மேடம். நான் நாள் கிழமை பாக்கறவன் இல்ல. கடுதாசில வேற என்னன்னு எழுதறது?” என்றார் அவர். கை துடைக்கும் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “அந்த இடத்துல ஒருத்தர் செத்துப்போனாரு. அஞ்சு மாசம் ஆகுது. இங்கதான், இந்த டயர் கிடக்குதே, அங்க.”

அங்குலம் மடியில் இருந்த களக் குறிப்பேட்டைத் திறந்தாள்.

“எத்தனை மணிக்கு?”

“பதினொன்னேகால் இருக்கும்.”

அவள் எழுதிக்கொண்டாள். நகராட்சிக்கு இதெல்லாம் தேவை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டு விவரமாகவே சொன்னார். வேன் திருப்பத்தில் வேகமாக வந்தது. சத்தம் கேட்டு ஓடினார். அந்த ஆள் ஓரத்தில் கிடந்தார். ரத்தம் அதிகம் இல்லை. அதனால் பிழைத்துவிடுவார் என்றுதான் நினைத்தார். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வர எட்டு நிமிடம் ஆயிற்று. வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

“ஏதாவது சொன்னாரா?”

“சொன்னாரு. தோள்ல ஒரு பை மாட்டியிருந்தாரு. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவரு போல. பை அந்தப் பக்கம் தெறிச்சு விழுந்து கிடந்துச்சு. ‘பையில கேஸ் சிலிண்டர் இருக்கு, வெயில்ல வைக்காதீங்க’ன்னாரு. நான் சரி சரின்னேன். மறுபடியும், ‘வெயில்ல இருக்கு பாருங்க’ன்னாரு. நான் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்ட்டு சிலிண்டரை மட்டும் வெளிய எடுத்து என் கடை நிழல்ல வைக்கச் சொன்னேன். அதைப் பாத்துட்டு அவரு கண்ணை மூடிட்டாரு.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லலை மேடம்.”

அவள் பேனாவை மூடினாள். பிறகு நாடாவின் ஒரு முனையை அவரிடம் கொடுத்து ஓரக்கல்லில் பிடிக்கச் சொன்னாள். டயரின் நடுப்புள்ளிவரை இழுத்துப் பார்த்தாள். நாற்பது சென்டிமீட்டர். அதையும் எழுதினாள். கைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

டயர் கடைக்காரர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லி முடிக்க விரும்பினார். தூண் வந்தால் பிள்ளைகள் வருவார்கள், டப்பாவைத் தூக்கிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், படம் பிடித்துக்கொள்வார்கள். வரட்டும், அது தப்பில்லை. ஆனால் தினமும் கடையில் உட்கார்ந்து அதைப் பார்க்கத் தன்னால் முடியாது. ஒரு மனிதன் போன இடத்தில் வண்டிகூட ஏறக் கூடாதென்றுதான் அந்த டயரைப் போட்டு வைத்திருக்கிறார். போக்குவரத்துக் காவலர் இரண்டு தடவை எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை.

“சிலிண்டரும் உள்ளயேதான் இருக்கு. போலீஸ் வந்து பையை மட்டும் எடுத்துட்டுப் போச்சு. இது நிழல்ல, உள்ள தள்ளி இருந்ததால யாரும் பாக்கலை, எனக்கும் ஞாபகம் வரலை. அப்புறம் அந்த ஆளோட வீடு எங்கன்னு விசாரிச்சேன், தெரியலை.”

“கொடுங்க. நான் கொண்டு போய்க் கொடுத்துடறேன்” என்றாள்.

“அவங்க வீடு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். எங்க வீடுதான்.”

அவர் முதலில் புரியாமல் தலையாட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். தலைமேல் கை வைத்துக்கொண்டு கடைக்குள் போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வந்தபோது முழங்கைவரை கழுவியிருந்தார். சிலிண்டரையும் துடைத்துக் கொண்டு வந்திருந்தார். நீல நிறம், இரண்டு கைக்கும் அடங்குகிற அளவு. மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் சிலிண்டரை வாங்கிக்கொண்டு, நீங்கள் அவரை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்பது எனக்கு இதுவரை தெரியாது என்றாள். குரல் அலுவலகக் குரலாகவே இருந்தது. அதை மாற்ற அவளால் முடியவில்லை.

“இப்ப நீங்களே சொல்லுங்க மேடம். தூண் எங்க வரணும்னு சொல்றீங்களோ அங்க வரட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார் அவர்.

அவள் முளை அடிக்காமலே திரும்பினாள். சங்கிலி சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். அவள் வேலையை முடிக்காமல் திரும்பி அவர் பார்த்தது இதுதான் முதல் தடவை. தபால் நிலையம் தாண்டியதும் சிலிண்டரைத் தான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றாள்.

சாயங்காலம் நாத்தனார் முகம் கழுவப் போவதற்குள் அங்குலம் நடந்ததைச் சொல்லிவிட்டாள். சிலிண்டர் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. நாத்தனார் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள். வெயிலில் வைக்காதீர்கள் என்று இரண்டாவது தடவை சொன்ன இடம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அவன் அப்படித்தான் சொல்லுவான் அண்ணி. சின்ன வயசுல மாடிப்படில உருண்டு விழுந்து கை உடைஞ்சுது. எங்கப்பா தூக்கிட்டு ஓடறாரு, இவன் ‘ரேடியோவ அணைச்சீங்களா’ன்னு கேட்டுகிட்டே போறான்.” சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரிந்திருக்காது. நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

அங்குலம் பக்கத்தில் நின்று அவள் முதுகில் கை வைத்திருந்தாள். என் பேரைக் கூப்பிடவில்லை என்று நினைத்துப் பார்த்தாள். வலிக்கிறதா என்று பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல அந்த நினைப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வலிக்கவில்லை. அவன் பயப்படவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பயந்தவனுக்குச் சிலிண்டர் ஞாபகம் வராது. வேலையில் இருக்கும்போதே போயிருக்கிறான். அப்படிப் போனால் எப்படி இருக்கும் என்று வேறு யாரையும்விட அவளுக்குப் புரிந்தது. நாத்தனார் நிமிர்ந்து தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, “சர்க்கரை போடலையா?” என்று அங்குலம் கேட்டாள்.

“ரெண்டு மாசமா போடறதே இல்லையே. வீட்ல தீந்துபோச்சு, நீங்க ஒண்ணும் கேக்கலை, அப்படியே விட்டுட்டேன்” என்றாள் நாத்தனார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் எழுந்து பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கி வந்தாள்.

திங்கட்கிழமை அவள் பொறியாளரின் அறைக்குப் போனாள். ஆசிரியர் அனுப்பிய பட்டியலில் ஒவ்வொரு கோளுக்கும் மூன்று கட்டங்கள் இருந்தன. மிகக் குறைந்த தூரம், மிக அதிக தூரம், சராசரி. வேலை சுலபமாக இருக்கட்டும் என்று பொறியாளர் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அவள் மற்ற இரண்டு கட்டங்களையும் காட்டினாள். கோள்கள் சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, கொஞ்சம் நீண்டது. சனி ஒரு சுற்றுச் சுற்ற இருபத்தொன்பதரை வருடம். அந்தச் சுற்றுக்குள் அது சூரியனுக்கு ஆயிரத்து முன்னூற்று ஐம்பத்தேழு மீட்டர்வரை கிட்டே வருகிறது, ஆயிரத்து ஐந்நூற்று ஆறு மீட்டர்வரை தள்ளிப் போகிறது. இந்த நூற்றைம்பது மீட்டருக்குள் எங்கே நட்டாலும் சனி என்றாவது ஒருநாள் உண்மையிலேயே அங்கே இருக்கும். ஆகவே தூணை ஆயிரத்து நானூற்று எழுபதில், நூலகத்து வாசலில் நடலாம். பிள்ளைகள் நிற்பதற்கும் அங்கே இடம் அதிகம்.

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். முப்பத்தெட்டு மீட்டர். ஒன்பது அங்குலத்துக்குச் சுவரை இடிக்கச் சொன்னவள். அவருக்கு விபத்து நடந்தது எந்த இடம் என்று தெரியாது. ஆனால் இவள் இப்படி ஒரு காகிதத்தோடு வந்து நிற்கிறாள் என்றால் கேட்கக் கூடாத காரணம் ஒன்று இருக்கிறது என்பதை ஊகிக்கத் தெரிந்த மனிதர்.

“கணக்கு சரிதானே?” என்று மட்டும் கேட்டார்.

“சரி சார். யார் வந்து அளந்தாலும் சரியாத்தான் இருக்கும்.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்றே சங்கிலியும் அவளும் போய் நூலகத்து வாசலில் முளை அடித்தார்கள். டயர் கடையைத் தாண்டித்தான் போனார்கள். கடைக்காரர் கையைத் தூக்கினார். அவளும் தூக்கினாள். செவ்வாய் அன்று யுரேனஸ், புதனன்று நெப்டியூன். தண்ணீர் ஏற்றும் நிலையத்துக் காவலாளி தன் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் தூண் வருகிறது என்று ஒரு மணி நேரம் தகராறு செய்தார். அங்கே அவள் விட்டுக்கொடுக்கவில்லை. சைக்கிள்தான் நகர்ந்தது.

தூண்கள் வந்து, கோள்கள் ஏறி, டப்பாக்கள் தொங்க விடப்பட்டு, ஒரு மாதம் கழித்துத் திறப்பு விழா நடந்தது. தலைவர் பேசினார். பிள்ளைகள் பேச்சு முடிவதற்குள் வெள்ளிவரை ஓடிவிட்டார்கள். அங்குலம் வருவதாக இல்லை. நாத்தனார்தான் அன்று விடுப்புப் போட்டுவிட்டு, கடைசிவரை நடந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனாள். தூணுக்குத் தூண் நின்று டப்பாவைத் தூக்கினாள். வியாழனில் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டு கையும் போட்டாள். டயர் கடைக்கு முன்னால் வந்ததும் நின்றாள். வெள்ளை டயரைப் பார்த்தாள். கடைக்காரர் எழுந்து நின்றார். அவர்கள் மூவரும் அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று அவர் கேட்டார். நாத்தனார் வாங்கிக் குடித்தாள்.

நூலகத்து வாசலில் சனியின் டப்பாவை அங்குலமும் தூக்கிப் பார்த்தாள். அவ்வளவு பெரிய கோள். ஆனால் உள்ளே பெரும்பாலும் வாயுதான். தண்ணீரைவிட லேசான சரக்கு. அதனால் அதன் மேற்பரப்பில் பூமியில் இருக்கும் கனத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கனக்கும். பூமியின் டப்பாவுக்கும் இதற்கும் கையில் வித்தியாசமே தெரியவில்லை என்று நாத்தனார் குறைப்பட்டுக்கொண்டாள். ஏமாற்று வேலை என்றாள். பத்தில் ஒரு பங்கு குறைவு, நானே தராசில் நிறுத்துப் பார்த்தேன் என்றாள் அங்குலம்.

நெப்டியூன்வரை நடந்து முடித்தபோது நாத்தனாரின் குதிகாலில் கொப்புளம். இருவரும் பேருந்து பிடித்தார்கள். ஏறி உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில் நாத்தனார் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கனமான தலை. பேருந்து பிரதான சாலை வழியாகத்தான் வந்தது. நூலகம் போயிற்று, டயர் கடை போயிற்று. அங்குலம் ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள், பார்த்துக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் தோள் மரத்துப்போயிற்று. அதற்கும் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எறும்பு ஊர்வதுபோல ஊர ஆரம்பித்து, குத்தலாகி, விரல் நுனிவரை இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. நாத்தனார் நல்ல தூக்கத்தில் இருந்தாள். நடத்துநர் திரும்பிப் பார்த்தார். வண்டி போகட்டும் என்று அங்குலம் தலையை ஆட்டினாள். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்தார்கள்.